இருபத்தாறு உண்டியல்கள்

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தொண்ணூற்றாறாம் ஆண்டிலும் அங்கே தபால்காரர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வரமாட்டார். கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். கிளாக்கர் பிரித்துப் படித்து, சிரித்து, மனமிருந்தால் கொடுத்தனுப்புவார். கலியாணக் கடிதம் பிள்ளை பிறந்த பிறகு வந்து சேர்ந்த வீடும் உண்டு.

இதற்கு வழி கண்டவர் துரைராசா மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். இனிக் கடிதங்கள் பஜாரில் வீரபத்திரன் முதலாளியின் கடைக்கு வரட்டும் என்றார். கடைக்குள் வீட்டுக்கொன்றாகப் பூட்டிய தகர உண்டியல்கள், மொத்தம் இருபத்தாறு. முதலாளி துளை வழியே போடலாம், எடுக்க முடியாது; சாவி அந்தந்த வீட்டாரிடம்.

“திறப்பு உங்களிட்டத்தான் இருக்கும். ஒருத்தரும் வாசிக்கேலாது,” என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னார்.

கொழுந்தெடுக்கும் யோகேஸ்வரி எதையும் நோண்டிப் பார்க்காமல் நம்பமாட்டாள். போடும் முன்னேயே முதலாளி பிரித்தால்? தனக்குத்தானே ஒரு கடிதம் எழுதி, தலைமயிர் ஒன்றை உறையின் ஒட்டில் குறுக்கே சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ஹட்டனுக்குப் போன நாளில் தபாலில் போட்டாள். வந்தபோது மயிர் அப்படியே இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் அரசாங்கத்து லேபர் ஆபீசுக்கு எழுதினாள். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் கூரைத் தகரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழேதான் அவளுடைய மகனும் படுத்திருந்தான். வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. தேதி அடுத்த கடிதத்தில் வருமாம்.

நான்காம் நாள் காலை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லோர் முன்னாலும் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு கேட்டார்.

“யோகேஸ்வரி, ஒனக்கு கவர்மெண்டு கடுதாசி எல்லாம் வருதாமே? இன்னொண்ணு வரட்டும், பேரையும் வெட்டிருவேன், காம்பராவையும் காலி பண்ணிருவேன்.”

வீடு போனால் பிள்ளையோடு எங்கே போவது? ஆனால் பயத்தைவிட ஒரு கேள்விதான் அவளை அதிகம் அரித்தது. உறை பிரியவில்லை, பூட்டு உடையவில்லை. பிறகு எப்படி?

அன்று மாலையே கடைக்குப் போனாள். முதலாளி பதறிப்போனார்.

“சாமி சத்தியமா நான் பிரிக்கலம்மா! ஒண்ணும் தொலஞ்சிரக் கூடாதுன்னு யாருக்கு, எங்கேருந்து, என்னிக்கி வந்துச்சுன்னு நோட்டுல எழுதி வைப்பேன். கிளாக்கர் அய்யா டீ குடிக்க வந்தவரு நோட்டக் கேட்டாரு, குடுத்தேன். கடுதாசியையா குடுத்தேன்?”

பாவம், நல்ல மனிதர். பூட்டைக் காவல் காத்தவர் நோட்டைத் திறந்தே வைத்திருந்தார்.

மாஸ்டரிடம் போனாள். அவர் முகம் வாடினாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“நான் சொன்னது பொய்யில்லைத்தானே பிள்ளை? கடிதத்தை ஒருத்தரும் வாசிக்கேல்லை.”

“வாசிக்காமலே எல்லாம் தெரிஞ்சிருச்சுங்களே சார். ஒங்களுக்கும் யாழ்ப்பாணத்துக் கடுதாசி வருமே, ஒங்க உண்டியல் எதுங்க?”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, தனக்கு உண்டியல் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அவருடைய கடிதங்கள் நம்பிக்கையான ஆட்களின் கையோடுதான் வந்துகொண்டிருந்தன. யோகேஸ்வரிக்குக் கோபம் பொங்கியது. ஆனாலும் மனுசன் பொய் சொல்லி மழுப்பவில்லையே என்றும் இருந்தது.

“அப்ப ஒரு ஒத்தாச செய்யுங்க சார். எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் குடுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து அம்மாக்கண்ணு வீட்டிலிருந்து தொடங்கி, தன் வீடு போக இருபத்தைந்து வீடும் ஏறி இறங்கினாள். ஈ.பி.எப். விபரம், பிரசவ லீவு, எதைப் பற்றியும் கேட்கலாம். லேபர் ஆபீசிலிருந்து பதில் வந்து முதலாளியின் நோட்டில் பெயர் ஏறினால் போதும். மாஸ்டர் விரல் மரத்துப்போகும் வரை எழுதினார்.

மூன்று வாரம் கழித்து, மழைத்தூறலில் பெரட்டு. யோகேஸ்வரியின் தேதிக் கடிதம் முந்தின நாள்தான் வந்திருந்தது. நோட்டைப் பார்த்துக் கிளாக்கர் எழுதிக் கொடுத்த பட்டியலோடு கண்டாக்கு வந்து நின்றார்.

“கவர்மெண்டு கடுதாசி வந்தவங்க எல்லாம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க! யோகேஸ்வரி. அம்மாக்கண்ணு. மாயாண்டி...”

பெயர்கள் போய்க்கொண்டேயிருந்தன. கடைசிப் பெயரை வாசித்து முடித்து அவர் நிமிர்ந்தபோது, மற்றப் பக்கத்தில் ஒருவருமில்லை. அன்றைய கொழுந்தை எடுக்க வேண்டிய ஆட்கள் அத்தனை பேரும் யோகேஸ்வரியைச் சுற்றி நின்றார்கள்.