வளைவில் நின்ற பெட்டி

படி வளைவில் சவப்பெட்டி திரும்பவில்லை. முன்பக்கம் பிடித்திருந்த ஜெபசீலன் இரண்டு படி இறங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பின்னால் நின்றவர்கள் தூக்கிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். சுண்ணாம்புதான் உதிர்ந்தது. உள்ளே தேவசிகாமணியின் உடம்பு ஒருபக்கமாய்ச் சரியும் சத்தம் கேட்டதும், மேலே நின்ற அவன் மனைவி பாக்கியவதி கை நீட்டித் தடுத்தாள்.

"போதும். மேல கொண்டாந்து வையுங்க" என்றாள்.

தப்பு யாருடையது என்று கேட்டால் எல்லாருடையதும்தான். செத்தவர் வீட்டு வாசலிலேயே பெட்டி அடிப்பது சாத்தான்குளத்துப் பக்கத்து வழக்கம். வாசல் தரையில் இருந்தவரைக்கும் அதில் ஒரு கோளாறும் வந்ததில்லை. இங்கே வாசல் மூன்றாம் அடுக்கில் இருந்தது. பலகைகள் ஒவ்வொன்றாய்ச் சமர்த்தாக ஏறிவிட்டன. தச்சர் சாலமோனும் நடையில் உட்கார்ந்து, நூல் பிசகாமல் அடித்து முடித்தார். செத்தவனை அளந்த மனுஷர் படியை அளக்கவில்லை.

ஆற்றங்கரை வயலை விற்க ஆளில்லாமல், பஞ்சாலைக்காரர்கள் கிடைத்த துண்டு நிலத்தில் வீட்டுக்கு மேல் வீடாக அடுக்கியிருந்தார்கள். அறுபது குடும்பம். புகைபோக்கி சன்னலுக்கு நேரே. சோற்றைத் திறந்தால் பஞ்சு, துணியை உதறினால் கரி. பிழைக்க வருகிறவர்களுக்கென்று கட்டின வீடு; சாவைப் பற்றி யார் நினைத்தார்கள்? தேவசிகாமணி நாலு மாதம் அங்கே இருமிக்கொண்டே கிடந்து, இன்று விடியற்காலம் நிறுத்தினான்.

ஆலை மேஸ்திரி கொம்பையா மூச்சு வாங்க ஏறி வந்தார். மத்தியான இடைவேளைக்குள் அடக்கத்தை முடிக்கச் சொல்லி ஆட்களை விட்டவர் அவர்தான்.

"இங்க பாரும்மா, பஞ்சுப் பொதி இறக்குற கப்பி ஆலையில சும்மாதான் கெடக்கு. மேல மாட்டி, கயித்தக் கட்டி வெளிய கூடி இறக்கிரலாம். சங்கு ஊதப் போகுது. இவுக உள்ள போவணும்லா."

எல்லாரும் தலையாட்டினார்கள். காலையிலிருந்து வேலை பார்த்துவிட்டு, கஞ்சிகூடக் குடிக்காமல் வந்த ஆட்கள். பாக்கியவதிக்கும் அலுத்துத்தான் இருந்தது. பகலில் ஆலையில் நூல் சுற்றி, இரவில் அவன் நெஞ்சைத் தடவி, நாலு மாதமாய்க் கண் மூடவில்லை. சரி என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பொதி எப்படி இறங்கும் என்பது அவளுக்குத் தெரியும். கயிற்றில் சுழன்றுகொண்டே வரும். கீழே நிற்கிறவன் காலால் உதைத்து நேராக்குவான்.

"வேண்டாம்" என்றாள். "பதினோரு வருஷம் பொதி உடைச்சுத்தான் அவுக நெஞ்சே போச்சு. பொதி மாதிரி இறங்க வேண்டாம்."

"பின்ன என்ன செய்ய, மதினி?" என்றான் ஜெபசீலன். செத்தவனின் தம்பி அவன்.

"மூடியத் திறங்க. பெட்டி கயித்துல போகட்டும். அவுக படியில வரட்டும்."

அடக்க ஜெபத்துக்கு வந்திருந்த உபதேசியார் வேதபுத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஆணி அடிச்ச பெட்டியத் திறக்குற வழக்கம் இல்லையே, பாக்கியம்."

"வழக்கத்தப் பாத்துத்தான ஐயா இங்கன அடிச்சோம்."

சாலமோன் ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்தார்.

கடைசி ஆணி வருவதற்குள் சங்கு ஊதியது. இரண்டு பேர் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார்கள். கொம்பையா போகவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கால்பக்கம் வந்தார்.

உடம்பு விறைத்திருந்தது. நிமிர்த்தித்தான் கொண்டுபோக முடிந்தது. ஜெபசீலன் அண்ணனை எதிர்முகமாகக் கட்டிக்கொண்டு பின்னுக்குப் பின்னாய்க் கால் வைத்தான். கொம்பையா பாதங்களைத் தாங்கினார். நிற்கிற ஆளுக்கு அந்த வளைவு போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் பெண்கள் கதவோரம் ஒதுங்கி வழி விட்டார்கள். பாக்கியவதி ஒரு படி மேலே, போர்வை நழுவாமல் பிடித்தபடி வந்தாள். அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை.

கீழ்வாசலில் கல் உத்திரம் தாழ்ந்திருந்தது. ஜெபசீலனுக்கு அது தெரியவில்லை. அவள் எட்டி, கணவன் தலைக்கும் கல்லுக்கும் நடுவே கையைக் கொடுத்தாள். விரல் முட்டியில் தோல் பெயர்ந்தது.

"பைய, தம்பி" என்றாள். "அவுகளுக்கு வலிக்கும்."

ஜெபசீலன் நின்று, அண்ணனைப் பையச் சாய்த்தான்.