கருவேலங்காட்டுக்கு ஓர் இரும்புக் கை

யாரிடமும் யோசனை கேட்காதவர் என்று லட்சுமிகாந்தத்தைச் சொன்னால் அது அபாண்டம். அவர் எல்லோரிடமும் கேட்பார். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, முதல் நாளே முடிவு செய்து வைத்திருந்ததைச் செய்வார்.

தாயில்பட்டிக்குப் போகும் வழியில் அவருக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. மகள் ரோஷினி கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு வந்து கம்பெனியைக் கவனித்துக்கொண்டாள். அவள் மேஜைமேல் 'நிர்வாக இயக்குநர்' என்று பித்தளையில் பலகை வைத்துக் கொடுத்ததே அப்பாதான். நிர்வாகத்தையும் இயக்கத்தையும் மட்டும் அவர் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

கம்பெனிக்குப் பின்னால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. பெரிய மரங்களை விறகுக்காரர்கள் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன தூர்கள் ஒவ்வொன்றும் பழிவாங்குவதுபோல் ஆளுயரத்துக்குப் புதராகத் தழைத்திருந்தன. நடுவில் காய்ந்த புல். பக்கத்தில் பட்டாசு. பங்குனிப் பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறப்பதற்குள் பாதுகாப்பைச் சோதிக்க அதிகாரி வந்து பார்ப்பார், அதற்குள் இது சுத்தமாக வேண்டும்.

"ஜேசிபி ஒன்னு வாடகைக்குக் கூப்பிடுவமாப்பா?" என்றாள் ரோஷினி.

"எதுக்கு? நம்மட்ட மினி டிராக்டர் இருக்குல்லா. முன்னாடி லோடரும் இருக்கு. அடுத்தவன் வண்டி எதுக்கு?"

அந்த மினி டிராக்டர் அவருடைய போன வருடத்து முடிவு. முன்பக்கம் இரண்டு கைகள் நீட்டி, மண் அள்ளும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மண் அள்ளுவதற்கு என்று கம்பெனியில் எதுவும் இல்லாததால் மேனி நலுங்காமல் புதிதாகவே இருந்தது.

டிரைவர் முத்துப்பாண்டி பக்கெட்டை வைத்துப் புதரைத் தள்ளினான். புதர் மரியாதையாகப் படுத்தது. வண்டி கடந்து போனதும் அதே மரியாதையோடு எழுந்து நின்றது. நாலு தடவை இப்படிப் பரஸ்பரம் வணக்கம் வைத்துக்கொண்ட பிறகு முள் ஒன்று முன் டயரில் இறங்கி, அன்றைய வேலையை முடித்து வைத்தது.

"வண்டில கோளாறு இல்ல. பக்கெட்டுதான் சரியில்ல," என்று தீர்ப்பு சொன்னார் லட்சுமிகாந்தம். "வேற மாட்டணும்."

மறுநாள் அப்பாவும் மகளும் விருதுநகருக்குப் போனார்கள். பைபாஸ் ரோட்டில் டிராக்டர் உபகரணங்கள் விற்கிற கடை. விற்பனையாளர் ராம்குமார் தேன் தடவிய குரல்காரர். எதைக் கேட்டாலும் "சூப்பர் கேள்வி சார்" என்பார். பதில் அநேகமாக அத்தோடு முடிந்துவிடும்.

முதலில் அவர் காட்டியது புதர் வெட்டும் கட்டர். அடியில் கனமான தகடு சுற்றும். "காடா இருந்தாலும் கஞ்சியாக்கிரும் சார்."

"தகடு கல்லுல பட்டா?" என்றாள் ரோஷினி.

"சூப்பர் கேள்வி மேடம். தகட்டுக்கு ஒன்னும் ஆகாது. லேசாப் பொறி பறக்கும், அம்புட்டுதான்."

"எங்களுக்குப் பட்டாசுக் கம்பெனி."

ராம்குமார் கட்டரின் மேல் துணியைப் போட்டு மூடினார்.

அடுத்ததாக அவர் காட்டியது கிராப்பிள். மேலும் கீழும் இரும்புத் தாடைகள். பிடித்தால் கவ்விக்கொள்ளும். பெரிய டிராக்டருக்கென்றே செய்தது, கரும்பச்சை நிறம். லட்சுமிகாந்தம் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று அவர் மனைவி சொல்லியிருப்பாள்.

பக்கத்தில் இன்னொன்று இருந்தது. கீழே சீப்புப்போல நீளப் பற்கள், மேலே ஒற்றைக் கவ்வி. ஒல்லியாக, பட்டினி கிடந்ததுபோல் இருந்தது. ரோஷினி அதன் முன்னால் நின்றாள்.

"இது எம்புட்டு வெயிட்டு இருக்கும்?"

"அதுல பாதிகூட இருக்காது மேடம்."

"நம்ம லோடர் தூக்குறதே கொஞ்சந்தான்பா. அந்தப் பெரிசை மாட்டினா, அதைத் தூக்குறதுக்கே வண்டிக்குப் பலம் சரியாப் போயிரும். பெறகு தூரை எங்கன தூக்க?"

லட்சுமிகாந்தம் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். பிறகு ராம்குமாரைப் பார்த்து, "பெரிசையே ஏத்துங்க," என்றார். "பாப்பா புத்தகத்துல படிச்சதைச் சொல்லுதா."

ராம்குமாரே ஒரு கணம் தயங்கினார். "ஒரு நாள் ஓட்டிப் பாருங்க சார். சரிப்படலைன்னா மாத்திக்கலாம்," என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக ரோஷினி அவருடைய எல்லா சூப்பர் கேள்விகளையும் மன்னித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிராப்பிளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. லீவு என்பதால் ஷெட்டுகள் காலியாக இருந்தன. முத்துப்பாண்டி சீட்டில் ஏறப் போனான்.

"ஏலே, எறங்கு. முதல் தூரை நாந்தான் எடுப்பேன்."

"முதலாளி, முன்னாடி பாரம் சாஸ்தியா இருக்கு. பின்னாடி ஏதாச்சும் கட்டிக்கிட்டு..."

"பின்னாடி நான் உக்காந்திருக்கேன்லா?"

அவருடைய எடை விஷயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தூருக்கு அது போதவில்லை.

தாடைகள் ஒரு தடித்த தூரைக் கவ்வின. லட்சுமிகாந்தம் லிவரை இழுத்தார். என்ஜின் முக்கி முனகியது. ஏதோ ஒன்று மெல்ல மேலே எழும்பியது. 'வந்துருச்சு' என்று கத்த வாயைத் திறந்தவர், எழும்புவது தூரல்ல, தான்தான் என்று கண்டுகொண்டார். பின் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. வண்டி மூக்கைக் குப்புறக் குத்திக்கொண்டு நிற்க, ஒரு கம்பெனியின் முதலாளி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஆகாயத்தில் இருந்தார். வண்டி லேசாக இடப்பக்கம் சாய்ந்தது.

"அப்பா! குதிச்சிராதீக!" ரோஷினி ஓடி வந்து அவர் கண்ணில் படும்படி நின்றாள். "லிவரை முன்னால தள்ளுங்க. மெதுவா."

"எந்த லிவர்?"

"கையில பிடிச்சிருக்கீகள்லா, அதுதான். மெதுவாப்பா. என்னையப் பாருங்க. மெதுவா."

அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, ஏற்கனவே எந்த முடிவும் செய்து வைக்காமல், மகள் சொன்னதைச் சொன்னபடி செய்தார். சக்கரங்கள் தரையைத் தொட்டன. முத்துப்பாண்டி ஓடிப்போய் என்ஜினை நிறுத்தினான்.

அவர் கீழே இறங்கினார். ரோஷினி தண்ணீர் கொடுத்தாள். பாதி சட்டையில் சிந்தியது. அவளுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தன, எல்லாம் நல்ல வாக்கியங்கள், ஆனால் அப்பாவின் முகம் வெளிறிக் கிடந்ததைப் பார்த்ததும் தேநீர் வாங்கி வர முத்துப்பாண்டியை அனுப்பினாள்.

ஒரு தேநீருக்குப் பிறகு லட்சுமிகாந்தத்துக்குக் குரல் திரும்பியது. "கடையிலேயே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு," என்றார். "அந்தப் பல்லு வச்சதைத்தான் எடுத்திருக்கணும்."

"ஆமாப்பா," என்றாள் ரோஷினி.

கிராப்பிள் மாலையோடு விருதுநகருக்குத் திரும்பிப் போனது. பட்டினி கிடந்தது வந்து சேர்ந்தது. இந்த முறை ரோஷினி முன்கூட்டியே தண்ணீர் லாரியை வரவழைத்து நிலத்தை நனைத்தாள். டிராக்டரின் பின்னால் ஒரு சிமெண்ட் கட்டையைக் கட்டச் சொன்னாள். முத்துப்பாண்டி பற்களைத் தூருக்குக் கீழே நான்கு பக்கமும் விட்டு நெம்பினான், வேர்கள் படபடவென்று அறுந்தன, கவ்வி இறங்கிப் பிடித்தது. தூர் வந்தது. பின் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. முள்ளெல்லாம் ஓரிடத்தில் குவிந்தது.

லட்சுமிகாந்தம் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையால் இடம் வலம் காட்டிக்கொண்டிருந்தார். முத்துப்பாண்டி அவருக்கு முதுகைக் காட்டியபடி ஓட்டியதால் வேலை தடையின்றி நடந்தது.

அதிகாரி வந்தார். ஷெட்டுகளைச் சுற்றி நடந்தார். வெறும் தரையாகக் கிடந்த பின்பக்கத்தைப் பார்த்து, "நல்லது," என்றார். இத்தனை பாடுபட்டதற்கும் ஒற்றைச் சொல்தானா என்று லட்சுமிகாந்தத்துக்கு மனது தாங்கவில்லை. தூர்க் குவியலைக் காட்ட அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அதிகாரி அதற்கும் "நல்லது" என்றார்.

கம்பெனி திறந்த அன்று, அடுத்த கம்பெனி முதலாளி நல்லசிவம் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இம்புட்டுக் காடும் எங்கன போச்சு? எதை மாட்டினீக?"

லட்சுமிகாந்தம் விளக்கினார். கட்டரில் பொறி பறக்கும் அபாயம், கனத்த கிராப்பிளின் கேடு, பல் வைத்ததன் பெருமை, பின்பாரத்தின் தத்துவம். ஆகாயத்தில் இருந்த பகுதியை நேரம் கருதி விட்டுவிட்டார். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த ரோஷினி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எல்லாம் நீங்களே யோசிச்சதா?"

"பெறகு?"

"எங்க வண்டி இதைவிடச் சின்னதுல்லா. தாங்குமா?"

லட்சுமிகாந்தம் வாயைத் திறந்தார். சரளமாக ஒரு பதில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லவில்லை. நல்லசிவம் நல்ல மனிதர், உடம்பும் ஒல்லி; வண்டி தூக்கினால் எங்கே போய் விழுவாரோ.

"அதை... பாப்பாட்ட கேட்டுக்கிடுவோம்," என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்து, "ரோஷினி! மாமா வண்டியப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வா. அவ சொல்லுறதைக் கேளுங்க நல்லசிவம். சொன்னபடி செய்யுங்க."

ரோஷினி வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தாள்.

"நில்லு, நானும் வாரேன்," என்று லட்சுமிகாந்தம் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ரோட்டுக்கு வந்ததும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்.