படி இறங்கிய வாக்கியம்

"அழிச்சுட்டா மட்டும் பாத்தவங்க கண்ணுலேர்ந்து போயிடுமா?"

"போவாது சார். இருந்தாலும் அழிங்க."

"கொஞ்சம் நிதானமா கேளுங்க துர்கா. தப்பா ஒருத்தராவது எழுதியிருக்காங்களா, காட்டுங்க. எல்லாரும் அழுவறாங்க. வில்லியனூர்லேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணி, அந்த டீச்சர்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்கன்னு கெஞ்சறாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கலைவாணன் மேசை மீதிருந்த டஸ்டரை எடுத்துக் காலியாக இருந்த பலகையைத் துடைத்தார். மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மருந்துக் கடைக்கு மேலே, அவர் நடத்தும் ஆங்கிலப் பயிற்சி மையம் அது. இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் அவர், இன்னொருத்தி துர்கா. கல்லூரி முடித்த வருடம் வேலை கேட்டு அந்த மரப்படிகளில் ஏறி வந்தவள், அப்புறம் வேறு எங்கும் வேலை தேடவில்லை. காலை வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பெஞ்சுகளில் யாரும் இல்லை. அவள் உட்காராமல் நின்றாள். செல்போன் அவள் கையில் இருந்தது. அதில் அவளே இருந்தாள், சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு.

அந்த மையத்துக்கு ஒரு விதி உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியம் எதுவும் புத்தகத்திலிருந்து வரக்கூடாது. "ராமு பள்ளிக்குச் சென்றான்" என்று யாராவது ஆரம்பித்தால் கலைவாணன் கையைத் தூக்கி நிறுத்துவார். "யாருப்பா அந்த ராமு? உனக்குச் சொந்தமா? உங்க வூட்ல யாரு பள்ளிக்கூடம் போறாங்களோ அவங்களச் சொல்லு." சொல்வது உண்மையாக இருக்க வேண்டும், சொல்கிறவருடைய வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். பொய்யான வாக்கியம் நாக்கில் தங்காது என்பார். அதனால் அந்த அறையில் ஜிப்மரில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி இறந்தகாலம் படிக்கும்போது தன் முதல் காதலைச் சொன்னாள். ஒரு பையன் எதிர்காலம் படிக்கும்போது, அப்பாவின் கடையை ஒருநாளும் எடுத்து நடத்தப்போவதில்லை என்றான். இப்படியெல்லாம் வெளியே வந்ததால் கலைவாணன் இரண்டாவது விதி ஒன்றையும் வைத்தார். செல்போன்கள் வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் கூடைக்குள் போக வேண்டும். ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் அவரே எழுந்து நின்று சொல்வார்: "இங்க பேசினது படி இறங்கக் கூடாது." பின்சுவர் ஓரமாக ஒரு கேமரா மட்டும் ஸ்டாண்டில் நிற்கும். வராத மாணவர்கள் மறுநாள் வந்து, மையத்துக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிட்டுப் போவதற்காக.

போனில் ஓடிக்கொண்டிருந்த அந்த நாளில் அவள் எடுத்தது சின்னப் பாடம். அப்ரீஷியேட், வேல்யூ, ட்ரெஷர், செரிஷ். நான்கையும் பலகையில் எழுதி, பக்கத்தில் தமிழில் எழுதச் சொன்னாள். டெம்போ ஓட்டும் செல்வகுமார்தான் முதலில் நோட்டை மூடினான்.

"முடிச்சிட்டீங்களா?"

"நாலுக்கும் மதிப்புன்னே போட்டுட்டேன் மிஸ். ஈஸி."

"உங்க வண்டியையும் உங்க அம்மாவையும் ஒரே மாதிரிதான் மதிக்கறீங்களா?"

"வண்டிக்கு மாசாமாசம் டியூ கட்றேன் மிஸ். அம்மாவுக்குக் கட்டல."

வகுப்பு சிரித்து முடியும்வரை காத்திருந்து அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒருவர் செய்த நல்லதைக் கவனித்தேன், அது எனக்குப் பட்டது, அதைச் சொல்கிறேன் என்றால் அப்ரீஷியேட். வழியில் பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவனுக்கு நன்றி சொல்வது போல. ஒன்றால் எனக்கு என்ன ஆகும், அது இல்லாவிட்டால் எனக்கு என்ன குறையும் என்று தெரிந்து வைத்திருந்தால் வேல்யூ. அதற்கு முகம் மலர வேண்டும் என்று இல்லை. பேங்குக்குப் போன் செய்தால் அரைமணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு நடுநடுவே நம் அழைப்பை வேல்யூ செய்வதாகச் சொல்கிறார்களே, அதுவும் பொய் இல்லை. தொலைந்தால் திரும்பக் கிடைக்காது என்ற பயத்தோடு எடுத்து வைப்பது ட்ரெஷர். இங்கே ஏலிஸ் கை தூக்கினாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண். பிரெஞ்சு சரளமாக வரும், ஆங்கிலத்துக்காக வந்தவள். "எங்க பாப்பா அவரோட மெதாய் பீரோவுல வெச்சிப் பூட்டி, சாவிய எங்க வெச்சோம்னு வாரத்துக்கு ஒருக்கா வூட்டையே பெரட்டுவாரு மிஸ்." பாப்பா என்றால் அவள் அப்பா, மெதாய் என்றால் அவர் பட்டாளத்தில் வாங்கிய மெடல். சரியான வாக்கியம் என்று துர்கா சொன்னாள்.

செரிஷுக்கு யாரிடமும் வாக்கியம் இல்லை. பூட்டி வைப்பதில்லை, கணக்குப் பார்ப்பதில்லை, திரும்பத் திரும்பப் போய்த் தொட்டுப் பார்த்து அதன் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்வது என்று அவள் விளக்கியும் யாரும் வாய் திறக்கவில்லை. மாணவர்களுக்கு வராவிட்டால் ஆசிரியர் சொல்ல வேண்டும். அதுவும் உண்மையாக இருக்க வேண்டும். அவள் சொன்னாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு வைத்திக்குப்பத்தில் இருக்கும் அம்மாவிடம் போகிறேன். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது வேறொருவரோடு வாழ எங்களை விட்டுப் போனவள். இன்னமும் எனக்கு மீனில் முள் எடுத்துத்தான் வைக்கிறாள். என்னை வளர்த்த அப்பாவுக்கு இது தெரியாது. அந்த மத்தியானங்களை நான் செரிஷ் செய்கிறேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லும்போது சிரித்திருக்கிறாள் என்பது இப்போது போனில் பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

ஆங்கிலம் அவளுக்கு ஒரு வெளியூர் மாதிரி. அங்கே அவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த ஊரின் அகலமான தெருக்களில் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், யாரும் ஜன்னலைத் திறந்து பார்க்க மாட்டார்கள். தமிழில் அம்மா என்று சொன்னாலே பின்னால் ஒரு கூட்டம் வந்து நிற்கும்: ஓடிப்போனவள், மானத்தை வாங்கியவள், அவள் பேரே இந்த வீட்டில் வரக்கூடாது என்று கதவில் கை வைத்துச் சொன்ன அப்பா. ஆங்கிலத்தில் அம்மா வெறும் அம்மாதான். முள் எடுக்கிற இரண்டு விரல்கள்தான். அப்பாவுக்குத் தெரியாத மொழியில் வைத்தால் அப்பாவுக்குத் தெரியாத இடத்தில் வைத்தது போல என்று அவள் நம்பியிருந்தாள்.

கலைவாணன் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, மையத்தின் பேரில் இணையத்தில் போட்டிருந்தார். பின்னணியில் பியானோ சேர்த்திருந்தார். மேலே "கண்ணீர் வரவழைத்த ஆங்கில வகுப்பு!" என்று தலைப்பு. கீழே, அவள் பேசப் பேச, வெள்ளை எழுத்தில் தமிழ் ஓடியது.

"சேர்க்கையே இல்ல துர்கா. உங்களுக்குத் தெரியாததா? எல்லாம் போன்லயே கத்துக்கறாங்க. மூடிடலாமான்னு இருந்தேன். இத்தன வருஷத்துல அப்படி ஒரு பாடம் நான் எடுத்ததில்ல, அது இங்கயே செத்துப் போவணுமான்னு..." அவர் டஸ்டரை வைத்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டார். பிறகு, அடக்க முடியாமல், கொஞ்சம் பெருமையோடு சொன்னார்: "செரிஷுக்குத் தமிழ்ல என்ன போடறதுன்னு எவ்வளவு யோசிச்சேன் தெரியுமா? போற்றுறேன்னா மேடைப் பேச்சு மாதிரி ஆயிடுது. கடைசில 'பொத்தி வெச்சிருக்கேன்'னு போட்டேன். சரியா வந்துச்சுல்ல?"

சரியாகத்தான் வந்திருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அவளுக்கே கிடைக்காமல் போன தமிழைத் தேடிப் பிடித்து, அதைக் கொண்டே கதவைத் திறந்துவிட்டிருந்தார். சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் இருவரும் டீ வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியைப் பற்றிப் பொழுது சாயும்வரை பேசியதெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. உலகத்தில் அந்த இடைவெளியைப் பற்றிக் கவலைப்படுகிற இன்னொரு ஆள் இருக்கிறார் என்ற சந்தோஷத்தில்தான் அவள் அந்தப் படிகளில் தினமும் ஏறினாள்.

"எங்கப்பா தமிழ் படிப்பாரு சார்," என்றாள்.

அவர் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "அவருக்கு யாரு காட்டப் போறா? விடுங்க. நான் உங்கள எவ்வளவு வேல்யூ பண்றேன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் சொன்னது பொய் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவள் வேறு எதுவும் கேட்காமல், அவர் கட்டைவிரல் திரையில் மூன்று இடங்களைத் தொட்டு அந்தக் காணொளியை அழிக்கும்வரை நின்றாள். பிறகு கூடையிலிருந்து எடுக்க எதுவும் இல்லாதவளாய் ஒரு நொடி வாசலில் தயங்கி, காலை வகுப்புக்கு நிற்காமல் இறங்கினாள். கீழே மருந்துக் கடைக்காரர் அவளைப் பார்த்து, வழக்கம்போல் தலையசைக்காமல், எழுந்து நின்று கும்பிட்டார்.

அரியாங்குப்பம் வீட்டு வாசலில் அப்பாவின் மொபெட் நின்றது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர் அவர், காலை ஷிப்டுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அப்பா கலியபெருமாள் யூனிபார்ம் சட்டையைக் கூடக் கழற்றாமல், நடையில் தண்ணீர் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"இன்னாப்பா, உடம்பு சரியில்லயா?"

"பாதில வந்துட்டேன்."

அவள் செருப்பைக் கழற்றினாள். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளிலேயே வைத்திருந்தாள்.

"பாக்கிங்ல தனக்கொடின்னு ஒரு பொம்பள இருக்குது. டீ நேரத்துல ஓடியாந்து, அண்ணே, இது உம் பொண்ணுதான, இன்னாமா இங்கிலீசு பேசுது, எங்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் குடுன்னுது. அத்தினி பேரும் எட்டிப் பாத்தானுவ. நானும் பாத்தேன். பெருமையா இருந்துது. அப்புறந்தான் கீழ எழுத்தப் படிச்சேன்."

"அப்பா..."

"கம்பெனில உங்கம்மா செத்துட்டான்னு சொல்லி வெச்சிருந்தேன். வருசா வருசம் திதின்னு லீவு வாங்குவேன். சூப்பர்வைசர் பூவெல்லாம் குடுத்து வுட்ருக்கான். இன்னிக்கி ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. அவங்கவங்க எடத்துக்குப் போயிட்டானுவ."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எதையாவது சொல்ல வாயெடுத்தபோது அவர் அடுத்ததற்குப் போயிருந்தார். கோபமாகப் பேசியிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியும். அவர் நினைவுபடுத்திக்கொள்கிற குரலில் பேசினார்.

"ஞாயித்துக்கெழம வந்தா பசிக்கலன்னு படுத்துப்ப. வெயிலு ஒத்துக்கலன்னு நெனச்சி மோரு கரைச்சிக் குடுப்பேன். குடிச்சிட்டு டம்ளர கழுவி வெச்சிட்டுப் போவ. மீனத் தின்னுட்டு வந்தவளுக்கு மோரக் குடுத்திருக்கேன் பாரு."

"நான் மறைக்கணும்னு..."

"அந்தாளு இருப்பானா நீ போறப்ப?"

"இருக்க மாட்டாருப்பா. படகு வேலன்னு வெளிய போயிடுவாரு."

"போயிடுவாரு," என்றார் அப்பா, அந்த 'ரு'வை மட்டும் கொஞ்சம் நீட்டி.

அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "அழிக்கச் சொல்லிட்டேன்பா. அழிச்சிட்டாரு. இனிமே யாரும் பாக்க முடியாது."

"அத யாரு கேட்டா?"

மாடியில் தொட்டி நிரம்பிவிட்டது. முதலில் ஒரு சொட்டுச் சத்தம், பிறகு வழியும் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுவதற்கு முன்னால் பாய்ந்து சுவிட்சை அணைக்கிறவர் அவர். தூக்கத்திலும் அந்தச் சத்தத்துக்கு எழுந்துவிடுவார். சுவிட்ச் இப்போது அவர் தோளுக்கு அருகில் இருந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், முதல் தடவை பார்க்கிற முகத்தைப் பார்ப்பது போல.

"அதுல சிரிக்கற நீ," என்றார். "சொல்லச் சொல்ல சிரிக்கற. அப்படி ஒரு நாளும் இந்த வூட்ல நீ சிரிச்சி நான் பாத்ததில்ல. இன்னா சொல்லி அப்படி சிரிச்சன்னு எனக்கு வெளங்கல. எழுத்து எவனோ போட்ட எழுத்து. பேச்சு எனக்குத் தெரியாத பேச்சு."

"அப்பா, உள்ள வாங்க. உக்காருங்க."

"ஊருக்கெல்லாம் சொன்னியே. எங்கிட்டயும் சொல்லு. நம்ம பேச்சுல. உன் வாயால."

தண்ணீர் சன்ஷேடில் விழுந்து, அங்கிருந்து ஜன்னலை மறைத்துக்கொண்டு கீழே இறங்கியது. வெளியே தெரு கலங்கித் தெரிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ "மோட்டாரு, மோட்டாரு!" என்று கத்தினார்கள். அவருடைய கை சுவிட்சுக்குப் போகவில்லை. அவள் பையும் தோளிலிருந்து இறங்கவில்லை. நடையின் தரையில் கதவுக்கு அடியிலிருந்து மெல்லிய தண்ணீர் ஒரு விரல் போல நீண்டு, இருவர் பாதங்களுக்கும் நடுவில் இருந்த சரிவைத் தேடி வந்துகொண்டிருந்தது.