மதியழகன் வாசித்த செவ்வாய்க்கிழமை

பெரம்பூர் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் நாகாத்தம்மன் தெருவில் நேரத்தைக் கடிகாரம் நடத்தவில்லை. மாவு மில்லின் மாடியில் ஒத்திகை பார்க்கும் ‘கொதிநிலை’ ராக் பேண்டின் டிரம்மர் நடத்தினார். அவர் கையைப் பொறுத்துத்தான் தெருவில் பொழுது விடியும், பால் பொங்கும், பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும். வெளியே என்ன தேதியோ அது வெளியே இருப்பவர்கள் பாடு. காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்களுக்கு இதில் சிரமம் ஒன்றும் இல்லை. தெருவை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்கள் மட்டும், அந்தத் தேதி தெருவுக்குள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

எபிநேசர் அந்த பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்தான். பேஸ் வாசிப்பது காதில் விழாது, நிறுத்தினால்தான் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். எபி ஒரு தடவை நிறுத்திப் பார்த்தான். யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து தன்னைப் பற்றி அவனுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. டிரம்மரின் கால் எங்கே விழுகிறதோ அங்கே தன் விரலை வைப்பான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த வித்தை.

பேண்டில் பாடுகிறவள் ஹில்டா. பகலில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எபிக்கு அவளைப் பிடிக்கும். பிடிக்கும் என்றால், எதிரே உட்கார்ந்தால் சோறு இறங்காத அளவுக்குப் பிடிக்கும். சொல்லிவிடலாம் என்று அவன் வாய் திறக்கும்போதெல்லாம் பாட்டு ஆரம்பித்துவிடும். இந்த லட்சணத்தில் அவளுக்கு டப்ளினில் வேலை கிடைத்து, ஜனவரியில் ஒரு வியாழக்கிழமைக்கு டிக்கெட்டும் வந்துவிட்டது.

அப்போது டிரம்ஸ் வாசித்தவன் ரெஜினால்ட். தங்கமான பையன். ஆனால் கோரஸ் வந்துவிட்டால் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி ஓடுவான். பாட்டு ஆரம்பிக்கும் வேகம் ஒன்று, முடியும் வேகம் வேறு. தெருவும் கூடவே ஓடியது. குளித்துவிட்டு வருவதற்குள் தலைமுடி வளர்ந்திருந்தது.

“தம்பி, நேத்து வெச்ச காரக்குழம்பு இன்னிக்குக் காலைலயே முந்தாநாள் குழம்பாயிடுச்சுபா,” என்றார் கீழே மில் வைத்திருக்கும் கோதண்டம். புகாராகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

எபிக்குக் குழம்பைப் பற்றிக் கவலையில்லை. நவம்பர் மாதம் முழுக்க இரண்டே ஒத்திகையில் தீர்ந்துபோயிருந்தது. இப்படியே போனால் ஹில்டாவின் வியாழக்கிழமை வாசலில் வந்து நிற்கும். ‘ரெஜி, உன் வாசிப்புல ஆட வைக்கிற க்ரூவ் இல்லடா’ என்று பேச்சை எடுக்க நினைத்து எபி தொண்டையைச் செருமினான். அதற்குள் ரெஜினால்ட் கோபித்துக்கொண்டு, சமாதானமாகி, குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான்.

அவன் இடத்துக்கு எபி சல்லடை போட்டுச் சலித்துப் பிடித்துவந்த ஆள் மதியழகன். ஸ்நேர் டிரம்மில் அடி விழவேண்டிய இடம் வரும். மதியழகன் அதைக் கொஞ்சம் போகவிட்டு, ஆற அமர அதன் முதுகில் தட்டுவார். கேட்கிறவர்களுக்கு இடுப்பு தானாக ஆடும். தெரு மொத்தமும் இடுப்பை ஆட்டிக்கொண்டே தண்ணீர் பிடித்தது. குழாயிலிருந்து கிளம்பிய சொட்டு, பாதி வழியில் நின்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குடத்தில் விழுந்தது. வாழைக்காய்கள் பழுக்கிற யோசனையை விட்டுவிட்டன. டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, அப்படியே தங்கிவிட்டது. செவ்வாயன்று கவிச்சி சேர்க்காத வீடுகள் மட்டும் கொஞ்சம் வாடின.

எபிக்கு இப்போது வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. ஆனால் அவன் பேஸ் வாசிக்கிறவன். டிரம்மர் எப்படியோ அவனும் அப்படி. “ஹில்டா” என்று கூப்பிட்டான். பாடுகிறவர்கள் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே போய்க்கொள்ளலாம், அதற்கு அனுமதி உண்டு. அதனால் அவள் சட்டென்று திரும்பி, “என்ன எபி?” என்றாள். காத்திருந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள். கழுவினாள். வீட்டுக்குப் போனாள். அடுத்த வார்த்தை அதற்குப் பிறகுதான் அவன் வாய்க்கு வந்தது. மதியழகன்தான் இழுக்கிறார் என்று மனசுக்குள் முணுமுணுத்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

“அங்க வார்டுல எனக்காகக் காத்துட்டிருக்காங்க எபி. இங்க புதன்கிழமையே வரமாட்டேங்குது,” என்று சொல்லி ஹில்டா ஒருநாள், அதாவது அதே நாள், டிரம் மெஷின் ஒன்றை வாங்கிவந்தாள். சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. மதியழகனிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு மாடிப்படி இறங்க ஆரம்பித்தார்.

மெஷின் பிசகவே இல்லை. பால் சொன்ன நேரத்தில் பொங்கியது. சிரித்தவர்கள் சிரிப்பை முடிக்கவேண்டிய இடத்தில் முடித்தார்கள். இடுப்பு மட்டும் யாருக்கும் ஆடவில்லை. கிழமைகள் வரிசையில் வந்து, வரிசையில் போயின. வியாழக்கிழமையும் தன் முறைக்கு வந்தது. ஹில்டாவுக்கு ஆட்டோவும் வந்தது.

அன்று மில்லுக்கு மிளகாய் ஏராளமாக வந்திருந்தது. மோட்டார் இழுத்த இழுப்பில் ஃபியூஸ் போய், மாடியில் மெஷின் அடங்கியது. தெரு நின்றது. டீக்கடையில் ஆற்றிய டீ, இரண்டு தம்ளர்களுக்கும் நடுவே நின்றது. ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையோடு நின்றார். பேண்டுக்காரர்களிடம் மட்டும், கச்சேரி முடிந்தபின் காதில் மிச்சமிருக்கும் சத்தம்போல, கொஞ்சம் அசைவு மிச்சமிருந்தது.

“எபி! யாராவது டிரம்ஸ்ல உக்காருங்களேன்!” என்று ஹில்டா கீழேயிருந்து கத்தினாள்.

எபி உட்கார்ந்தான். தாளம் விழாவிட்டால் அவள் போகமாட்டாள் என்று அவனுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. உடனே அது வெட்கமாகவும் ஆனது. பெடலில் காலை வைத்தான். கால் விழட்டும் என்று காத்திருந்தான். விழவேண்டிய கால் தன்னுடையது என்று அவனுக்குத் தோன்றவில்லை.

ஹில்டா, படியில் மதியழகனைத் தாண்டிக்கொண்டு மேலே வந்தாள்.

“என்ன பண்ற?”

“டிரம்மர் ஆரம்பிக்கட்டும்னு இருக்கேன்.”

“நீதான்டா டிரம்மர்.”

“ஓ,” என்றான். வாய் திறந்திருந்தது. எந்தப் பாட்டும் ஆரம்பிக்கவில்லை. “ஹில்டா, எனக்கு உன்ன ரொம்பப் பிடிக்கும். நீ போயிட்டா எனக்கு ஒண்ணுமே ஓடாது.”

அவள் கண் கலங்கியது. “இத ரெஜி இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே.”

“அவன் வேகத்துக்கு வாய் வரல.”

“மதி அண்ணன் இருக்கும்போது?”

“வாய் வந்துச்சு. வார்த்த வரல.”

“அப்புறம் மெஷின்தானே இருந்துச்சு?”

“மெஷினுக்கு முன்னாடி கூச்சமா இருந்துச்சு.”

ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என்னால நிக்க முடியாது எபி.”

“நிக்கச் சொல்லல. நீ போ. நான் பின்னாடியே வாசிக்கிறேன்.”

அவள் படியிறங்கினாள். எபி அவள் கால்களைப் பார்த்தான். அவள் இடது கால் விழுந்த இடத்தில் அவன் கால் விழுந்தது. வலது கால் விழுந்த இடத்தில் ஸ்நேர் விழுந்தது. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. டிரம்மர் போகிற வழியில்தான் தெரு போகும். எபி ஹில்டா போகிற வழியில் போனான். ஆகவே ஆட்டோ புறப்பட்டபோது நாகாத்தம்மன் தெரு, வீடுகளும் குழாயடியும் டீக்கடையுமாக இடுப்பை ஆட்டிக்கொண்டே அதன் பின்னால் போனது. புரசைவாக்கத்தில் போக்குவரத்துக் காவலர் மற்றத் தெருக்களை நிறுத்தி வழிவிட்டார்.

மீனம்பாக்கத்தில் தெருவை எடை போட்டார்கள். ஹில்டாவுக்கு ஜன்னல் இருக்கை, எபிக்கும் டிரம்ஸுக்கும் அவளுக்கு நேர் பின்னால். மிளகாய்ப்பொடியைக் கையில் கொண்டுபோகக் கூடாது என்பதால் மாவு மில்லை மட்டும் சரக்கில் போடச் சொன்னார்கள். மதியழகன் படியிலிருந்து இறங்கி முடிக்கும்வரை விமானம் காத்திருந்தது.