தூசுத்தட்டில் ஒரு கருவளையம்

...மெழுகிவிட்டேனாம், அப்படித்தான் சொன்னாள் பக்கத்து மேசைக்காரி, "அக்கா, புள்ளிபுள்ளியா இருந்த இரைச்சலைக் குறைக்கிறேன்னு படத்தையே மெழுகிட்டீங்க, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஒரு மருகூட இல்ல," நானும் மறுக்கவில்லை, ரேடியோ தொலைநோக்கி தந்த தரவைக் கணினி இப்போது மீண்டும் கூர்மையாகப் படமாக்கிக்கொண்டிருக்கிறது, காத்திருக்கும்போது மேசையைத் துடைப்பது என் வழக்கம், துடைக்கிறேன். இளம் விண்மீனைச் சுற்றியுள்ள தூசுத்தட்டு சீரானது என்று கட்டுரையில் எழுதியும்விட்டேன்... சீராக இருந்ததா, நான் சீராக்கினேனா? எல்லாம் ஒரு மேகத்தில்தான் தொடங்குகிறது, வாயுவும் தூசும் கலந்த மேகம், சூடாக இருந்தால் கலைந்துபோகும், கடுங்குளிரில்தான் தன் எடை தாளாமல் உள்நோக்கிச் சரியும், சரியச் சரியச் சுழன்று நடுவில் விண்மீனும் சுற்றிலும் தட்டுமாகும்... "நீ ஒரு ஐஸ்கட்டிம்மா" என்று மகள் சொன்னபோது இதைத்தான் விளக்கினேன், அவள் சிரிக்கவில்லை.

இதோ, அவள்தான் அழைக்கிறாள். "அம்மா, ராத்திரி சாப்பாட்டுக்கு நான் வரல." குடை எடுத்துட்டுப் போனியா என்று கேட்டேன், "ம்" என்றாள், வைத்துவிட்டாள், வேறென்ன கேட்பது... கூடத்து அலமாரியில் அவளுடைய வரிசையில் புத்தகங்கள் குறைந்துகொண்டே வருகின்றன, வெளியே எந்த அறைக்குக் கொண்டுபோகிறாள், அங்கே யார் இருக்கிறார்கள், என்னை விட்டுப் போகப்போகிறாளா, ஒன்றையும் நான் கேட்டதில்லை, மிஞ்சியவற்றை நெருக்கித் தள்ளி இடைவெளியை மூடிவிடுகிறேன், சாய்ந்து கிடக்கும் புத்தகம் கண்ணை உறுத்தும்... அதனால்தானா?

படம் வந்துவிட்டது. தட்டின் குறுக்கே கருத்த வளையம் ஒன்று, நான் இல்லாமலாக்கியது, தெளிவாக. பக்கத்து மேசைக்காரி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "உள்ள ஏதோ வளருது போலிருக்கே அக்கா." இருக்கலாம் என்றேன். வளரும் கோள் கண்ணில் படாது, தன் பாதையிலுள்ள தூசை ஒதுக்கியும் அள்ளிக்கொண்டும் போகும், வெற்றிடம்தான் தெரியும்... வெற்றிடத்தைப் பார்த்தால் ஏதோ தொலைந்துவிட்டதென்று ஏன் நினைத்தேன்?

கட்டுரையில் 'சீரானது' என்ற சொல்லை அடித்து நீக்கினேன். மகளின் எண்ணை அழுத்தினேன், மணி அடிக்கிறது, அங்கே யார் இருக்கிறார்கள், என்னை விட்டுப் போகப்போகிறாயா, இரண்டு கேள்விகள் இருக்கின்றன, எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை...