வண்டு துளைத்த விதை

அந்தக் கதைப்புத்தகத்தில் எல்லா விதைகளும் விழித்துக்கொள்ளும். போர்வையை இழுத்து மூடி அடம்பிடிக்கும் சோம்பேறி அவரை விதைகூட, கடைசிப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் கொட்டாவி விட்டபடி எழுந்துவிடும். ஆசிரியை குரலை மாற்றி மாற்றி அதைப் படித்து முடித்ததும், இருபது பிள்ளைகளும் ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரில் ஈரப்பஞ்சை அடைத்து, டப்பாவிலிருந்து ஒரு விதையை எடுத்து வைத்தார்கள்.

சுண்டெலி எடுத்தது வண்டு துளைத்த விதை. வகுப்பிலேயே சின்ன உருவம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"வேற எடுத்துக்கோ செல்லம்."

"வேணாம் டீச்சர். இதுக்கு மட்டும்தான் கண்ணு இருக்கு."

அது முளைக்காது என்று ஆசிரியைக்குத் தெரியும். முளைக்காததைப் பார்ப்பதும் பாடம்தானே என்று விட்டுவிட்டாள்.

அந்த வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம். கண்ணால் பார்த்ததைத்தான் ஏட்டில் வரைய வேண்டும். அடுத்தவர் ஏட்டைப் பார்த்தோ, கதைப்புத்தகத்தைப் பார்த்தோ வரையக்கூடாது. மற்ற ஏடுகளில் வேர் எட்டிப் பார்த்தது, வளைந்தது, நீண்டது. சுண்டெலி ஐந்து நாளும் உப்பிப்போன ஒரு விதையையும் அதில் ஒரு கறுப்புப் புள்ளியையும் வரைந்தாள்.

"உன்னோடது கும்பகர்ணன்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"தூங்கினா உனக்கென்ன? உன் வீட்டுப் பாயிலயா தூங்குது?"

ஆறாம் நாள் பெற்றோர் வருவதாக இருந்தது. முந்தைய மாலை, சன்னலோர டம்ளர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்த தலைமை ஆசிரியை அந்த ஒரு டம்ளரிடம் நின்றார்.

"இருபதுல ஒண்ணு மட்டும் பூசணம் பிடிச்சுக் கிடந்தா, வர்றவங்க கண்ணு நேரா இங்கதான் வரும். ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்காக மட்டும் செய்யவில்லை என்று பிறகு ஆசிரியை தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். பேருந்து ஓட்டும் தன் அப்பா, வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு முதல்முறையாகப் பள்ளிக்கு வரப்போகிறார் என்று சுண்டெலி அன்று மூன்று தடவை சொல்லியிருந்தாள். ஆசிரியையின் மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த டம்ளரில் இரண்டு இலையோடு ஒரு முளை நின்றது. அதைச் சுண்டெலியின் டம்ளருக்கு மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பழைய விதையைக் குப்பையில் போட மட்டும் கை வரவில்லை. காகிதத்தில் மடித்து மேசை இழுப்பறையில் வைத்தாள்.

மறுநாள் அப்பா, "அடேங்கப்பா, என் பொண்ணு விவசாயி ஆயிட்டாளே!" என்று டம்ளரைத் தூக்கிப் பிடித்தார்.

சுண்டெலி எக்கிப் பார்த்தாள். "இது என்னோடது இல்லைப்பா. கண்ணைக் காணோம்."

"என்னம்மா இது, டீச்சர் பொய்யா சொல்வாங்க?" அவருக்குக் கூச்சமாகிவிட்டது. தலைமை ஆசிரியை திரும்பிப் பார்த்தார்.

"உன்னோடதுதான் செல்லம்" என்றாள் ஆசிரியை. "முளைக்கும்போது தோல் உரிஞ்சிடும் இல்லையா? ஓட்டையும் அதோட போயிடும்."

எவ்வளவு லகுவாக வந்தது! மழை எப்படிப் பெய்கிறது, நிழல் ஏன் நீள்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கும் அதே குரல்.

சுண்டெலி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து, ஐந்து நாள் படங்களிலும் இருந்த கறுப்புப் புள்ளியை ஒவ்வொன்றாக அழித்தாள். மூன்றாம் நாள் படத்தில் தாள் கிழிந்தது.

திங்கட்கிழமை வேறு கதை, வேறு வேலை. நீச்சலுக்குப் போன கூழாங்கல்லின் கதையைப் படித்துவிட்டு, வாளித் தண்ணீரில் கல்லையும் மரக்கட்டையையும் போட்டுப் பார்த்தார்கள். சுண்டெலி போட்ட கட்டை அவள் மூக்குக்கு நேராக மிதந்தது. அவள் பென்சிலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"வரையலையா?"

"மிதக்கிற மாதிரி தெரியுது டீச்சர்." குரலில் குறும்பு துளியும் இல்லை. "அப்படியே வரையட்டுமா? நீங்க சொல்லுங்க."

ஆசிரியை எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து, அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் பிரித்தாள்.

"உன் விதை இதுதான். நான்தான் மாத்தி வச்சேன். நீ பார்த்தது சரி. நான் சொன்னது பொய்."

"ஐயே, நாறுது!" என்று யாரோ மூக்கைப் பிடிக்க, வகுப்பே சிரித்தது. சுண்டெலி சிரிக்கவில்லை. விரலால் விதையைப் புரட்டி ஓட்டையைத் தேடினாள். அது இருந்தது.

"அன்னைக்குச் சொன்னது பொய்னா, இப்பச் சொல்றது?"

மன்னிப்புக் கேட்டால் அதையும் இந்தப் பிள்ளை நம்பத்தான் வேண்டியிருக்கும். ஆசிரியை பூதக்கண்ணாடியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"என்னைப் பார்க்காதே. அதைப் பாரு."

சுண்டெலி வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஏட்டில் புதிய பக்கத்தைத் திருப்பி, ஆசிரியைக்குத் தெரியாதபடி இடது கையால் மறைத்துக்கொண்டு வரையத் தொடங்கினாள். என்ன வரைகிறாள் என்று ஆசிரியை எட்டிப் பார்க்கவில்லை.