காரீய விளக்கு

கல்லூரி லேபில் அந்தத் தண்ணீரை மூன்று முறை கருவியில் ஓட்டிப் பார்த்தாள் வேல்விழி. மூன்று முறையும் கருவி ஒரே எண்ணைத்தான் காட்டியது. குடிநீரில் அனுமதித்த அளவைவிடக் காரீயம் முப்பது மடங்கு. பின்னால் நின்ற எம்.எஸ்ஸி. பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

அது அவள் அக்கா பாஞ்சாலை வீட்டு போர்வெல் தண்ணீர். விருத்தாசலத்தில் அந்தத் தெருவுக்குப் பின்னால் ஒரு பீங்கான் பட்டறை. சாமான்களுக்குக் காரீயம் கலந்த மெருகு பூசிக் கழுவிய நீர் பள்ளத்தில் தேங்கி நிற்கும். அக்கா மகள் மதிவதனிக்கு ஆறு வயது. அடிக்கடி வயிற்று வலி என்று சுருண்டு படுத்துக்கொள்வாள். இன்று படித்த எழுத்து நாளைக்கு நினைவிருக்காது. போன தை மாதம் அக்கா ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். காரீயத்தை அளக்கக் கருவிக்குள் அதற்கென்று தனி விளக்கு வேண்டும். கல்லூரியில் இருந்த விளக்கு அப்போதே போய்விட்டிருந்தது. வேல்விழி புதிது கேட்டு எழுதினாள். தாள் மேசை மேசையாக நகர்ந்து, ஐப்பசியில்தான் விளக்கு வந்தது. அதுவரைக்கும் பாட்டிலில் சில சொட்டு அமிலம் விட்டு, தேதி ஒட்டி, ஃபிரிட்ஜில் வைத்தாள். அக்கா கேட்கும்போதெல்லாம் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். வேறு ஊர் லேபுக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம் என்பது ஒன்பது மாதமாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

இளமதி என்ற மாணவி இது எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டாள்.

"மாதிரி எண் ஏழுன்னு எழுதிக்கம்மா."

கருவியின் சுடரை அணைத்தாள். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். வரவில்லை. பிப்பெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள்.

சாயங்காலம் அவள் போனபோது பாஞ்சாலை உலையில் அரிசி போட்டிருந்தாள். வேல்விழி வகுப்பில் பேசுகிற குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். இனிமேல் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான், நாளைக்கே பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றாள்.

"இத்தினி நாளு?"

"வெளக்கு வரலக்கா."

பாஞ்சாலை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெளக்கு இல்லன்னு அப்பவே சொல்லியிருந்தா, நான் வேற யாருகிட்டயாவது போயிருப்பன்ல."

அவ்வளவுதான். திட்டவில்லை. அடுப்பை நிறுத்தி, அந்தத் தண்ணீரில் பாதி வெந்திருந்த சோற்றைப் பானையோடு தூக்கிப் போய்ப் பின்வாசல் சாக்கடையோரம் கொட்டினாள். ஆவி எழுந்தது.

"சித்தி, கோழி வருது," என்றாள் மதிவதனி.

பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலிக்கடியில் நுழைந்து, கொட்டிய சோற்றைத் தேடி வந்துகொண்டிருந்தன. வேல்விழி கையை வீசி விரட்டினாள். அவை விலகிப் போய், சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வந்தன. அவள் அந்தப் பக்கம் போய் நின்றாள்.